எந்தச் சரிவுக்கு மழை?

“மத்திய மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின் சில இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யலாம்” என்கிறது வானொலி. வருடத்தில் பாதி நாளாவது இதே வசனம்தான். பொய் இல்லை, சில இடங்களில் பெய்யத்தான் செய்கிறது. கண்டி, மாத்தளை, நுவரெலியா என்று மூன்று மாவட்டம் கொண்ட மாகாணம் இது. மகாவலிக் கரையின் புழுக்கமும் பீதுருதாலகால உச்சியின் நடுக்கமும் இதற்குள்ளேதான். எங்கேயுமே மழை பெய்யாத நாளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆனால் நான் இருப்பது வலப்பனைப் பக்கம். நாளைக்கு உரம் போடலாமா, தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் நிற்கும் மண்மேட்டை நம்பி இன்றிரவு படுக்கலாமா என்று கேட்கிறவர்கள் வாழும் ஊர். அவர்களுக்கு அந்த வசனத்தில் பதில் இல்லை.

இராகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேடு எழுதுவதோடு மழை அளக்கிற வேலையும் என் தலையில்தான் விழுந்திருந்தது. கந்தோருக்கு முன்னால், மரநிழல் படாத புல்தரையில், மண்ணுக்கு மேலே ஓர் அடி உயரம் தெரியும்படி ஒரு செப்பு உருளை புதைத்திருக்கும். அதன் வாய் ஐந்து அங்குலம். விளிம்பில் பித்தளை வளையம், கத்தியைப் போலக் கூராக்கியது. துளி அதன்மேல் விழுந்தால் இரண்டாக வெட்டுப்பட்டு, உள்ளே சேர வேண்டியது உள்ளேயும் வெளியே போக வேண்டியது வெளியேயும் போகும். கூம்பைத் தூக்கி, அடியில் இருக்கும் போத்தலை எடுத்து, தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கண் மட்டத்துக்குப் பிடிக்க வேண்டும். தண்ணீர் ஓரங்களில் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறி நிற்கும், நடுவில் குழிந்திருக்கும். அந்தக் குழியின் அடிதான் கணக்கு. ஓரத்தைப் பார்த்து எழுதினால் வானம் கொடுக்காத மழையைப் புத்தகத்தில் பெய்ய வைத்துவிடுவோம்.

நேரம் காலை எட்டரை. நாடு முழுவதும் அந்த நேரம்தான். வளிமண்டலவியல் திணைக்களத்தின் இருபத்துநாலு மணி நேரக் கணக்கு எட்டரைக்குத்தான் முடிந்து எட்டரைக்குத்தான் தொடங்குகிறது. எழுதியதை மாதம் முடிந்ததும் தபாலில் கொழும்புக்கு அனுப்புவோம். மலைநாட்டுத் தோட்டங்களில் இந்த வழக்கம் நூறு வருடத்துக்கும் பழையது. தேயிலைக்கு மழை தெரிய வேண்டும் என்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கி வைத்தது, இன்று இலங்கையின் மழை வரலாற்றில் கணிசமான பங்கு அந்தத் தோட்டப் புத்தகங்களில் இருக்கிறது. ஒரு விஷயம் மட்டும் எனக்கு அப்போதே உறுத்தியது. நான் எழுதிய எண் நூறு மைலுக்கு அப்பால் கொழும்புக்குப் போனது. கந்தோருக்குக் கீழே கூப்பிடு தூரத்தில் இருந்த லயத்துக்கு ஒரு நாளும் போகவில்லை. வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகிற வழியில் யாராவது ஒரு பெண் “கிளாக்கரையா, நேத்து ராத்திரி எம்புட்டு பேஞ்சிச்சு?” என்று கேட்டால் சொல்வேன். கேட்காவிட்டால் அது புத்தகத்துக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த சங்கதி.

இப்போது பேத்தியின் போனில் வலப்பனைக்கென்று தனியாகவே ஏழு நாள் வானிலை வருகிறது. ஐப்பசி மாதத்தில் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏழு மேகம், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு மின்னல், பக்கத்தில் ஒரு சதவீதம். ஏழும் ஒரே அச்சு. “தாத்தா, 60 சதவீதம்னா பாதி நாளுக்கு மேல பெய்யுமா?” என்று கேட்டாள். இல்லை. இதே மாதிரி பத்து நாள் வந்தால் அதில் ஆறு நாள் மழை எதிர்பார்க்கலாம் என்றுதான் அர்த்தம். எவ்வளவு நேரம் பெய்யும், எவ்வளவு பெய்யும் என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது. நாலு தூத்தல் விழுந்தாலும் அதன் கணக்குச் சரி, கான் உடைத்துக்கொண்டு ரோட்டில் ஓடினாலும் அதன் கணக்குச் சரி.

அந்தச் சதவீதம் பெரிய கணினிகளிலிருந்து வருகிறது. அவை பூமியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொரு சதுரத்துக்கும் காற்று, ஈரம், சூடு இவற்றைக் கணக்குப் பார்க்கின்றன. ஐரோப்பிய வானிலை மையத்தின் உலகக் கணிப்பில் ஒரு சதுரத்தின் பக்கம் சுமார் 9 கிலோமீட்டர், அமெரிக்கர்களுடையதில் சுமார் 13. சதுரத்துக்குள் எத்தனை மேடு பள்ளம் இருந்தாலும் எல்லாம் ஒரே உயரமாகச் சராசரியாகிவிடும். வங்காள விரிகுடாவின் நடுவில் அது தாராளமாகப் போதும். எங்கள் பக்கத்தில் 9 கிலோமீட்டருக்குள் என்ன இல்லை? இராகலைக்கு மேலே கம்பளி இல்லாமல் கொழுந்துக்குப் போக முடியாது. அங்கிருந்து பஸ் ஏறி வளைந்து வளைந்து கீழே இறங்கினால் ஜேர்கினைக் கழற்ற வேண்டும், இன்னும் இறங்கினால் நெல்வயல், விசிறி. கணினிக்குத் தெரிந்த வலப்பனை வழுவழுவென்று உருட்டிவிட்ட ஒரு மேடு. முகடும் பள்ளமும்தான் எங்கள் மழையைத் தீர்மானிக்கின்றன, அவை இரண்டும் அதில் இல்லை.

மேகம் எப்படி உண்டாகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எல்லோருக்கும் பாதி ஞாபகம் இருக்கும். வெயிலில் கடல் சூடாகி, தண்ணீர் ஆவியாகி, மேலே போய் மேகமாகிறது என்று எழுதினால் ஆசிரியர் சரி போடுவார். மேலே போனால் ஏன் மேகமாக வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சூரியனுக்குக் கிட்டப் போகிற காற்று இன்னும் சூடாகத்தானே வேண்டும்?

சைக்கிள் டயரின் வால்வை அமுக்கிப் பாருங்கள். பீச்சிக்கொண்டு வரும் காற்று விரலில் சில்லென்று படும். அடைபட்டுக் கிடந்த காற்று, விரிவதற்குத் தன் சூட்டையே செலவழிக்கிறது. மலையில் ஏறும் காற்றுக்கும் அதுதான் நடக்கிறது. மேலே போகப் போக அழுத்தம் குறையும், காற்று விரியும், விரிய விரியக் குளிரும். நூறு மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு பாகை. குளிர்ந்த காற்றால் அதிக ஈரத்தைத் தூக்க முடியாது. 28 பாகையில் இருக்கும் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 27 கிராம் நீராவியைச் சுமக்கும். 15 பாகையில் 13 கிராம்தான், பாதிக்கும் குறைவு. மிச்சத்தை எங்கேயாவது இறக்கி வைத்தாக வேண்டும்.

இறக்கி வைக்க ஒரு இடமும் வேண்டும். நீராவி தானாகச் சேர்ந்து துளியாகிவிடாது, பிடித்துக்கொள்ள ஒரு தூசி வேண்டும். கடலிலிருந்து வந்த உப்புத் துகளாக இருக்கலாம், மகரந்தமாக இருக்கலாம், எங்கள் பக்கத்தில் காய்ச்சல் காலத்தில் யாரோ மானாப்புல் மலைக்கு வைத்த தீயின் புகையாகவும் இருக்கலாம். அந்தத் துகளைச் சுற்றிப் படியும் மேகத் துளியின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அப்படிப் பத்து இலட்சம் துளி ஒன்று சேர்ந்தால்தான் இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஒன்று. அதனால்தான் பல மேகங்கள் வந்து நின்றுவிட்டு ஒன்றும் கொடுக்காமல் போய்விடுகின்றன. உள்ளே துளி இருக்கிறது, விழுகிற அளவுக்கு எடை இல்லை.

இலண்டனில் மருந்து செய்து விற்ற லூக் ஹோவார்ட் என்பவர் 1802இல் மேகங்களை வகை பிரித்து இலத்தீனில் பெயர் வைத்தார். இன்றும் உலகம் அந்தப் பெயர்களைத்தான் வைத்திருக்கிறது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துப் பெயர் வைத்தார். எங்கள் பெண்கள் மேகத்துக்குள் நின்று கொழுந்து எடுக்கிறார்கள். காலையில் இராகலை மலையில் “மூட்டம் போட்டிருச்சு” என்று சொல்வது மலையில் உட்கார்ந்த மேகத்தைத்தான். மழை பெய்யாமலே படங்கு நனையும், இமைமயிரில் முத்து முத்தாகத் துளி கோக்கும், பக்கத்து நிரையில் நிற்பவள் குரலாக மட்டும் இருப்பாள். அன்றைக்கு மழைமானியில் ஒன்றுமே இருக்காது. நான் புத்தகத்தில் பூச்சியம் எழுதுவேன். எடுத்த கொழுந்தோ தண்ணீர்ப் பாரத்தோடு மடுவத்துக்கு வரும், நிறுக்கிறவர் தண்ணீருக்கென்று கிலோவில் கழிப்பார், அங்கே ஒரு சண்டை நடக்கும். மேகத்தைப் பற்றிய விஞ்ஞானம் எங்கள் ஊரில் தராசடியில் வந்து முடியும்.

இந்தக் கதையை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆடி மாதம் இராகலைக்கு வர வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன் என்று படிப்படியாக ஏறுகிறது. ஏறுகிற பக்கம் முழுவதும் மழையாகக் கொட்டும். வட்டவளையில் வருடத்துக்கு 5000 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்வது அதனால்தான். நுவரெலியா முகட்டைத் தாண்டி எங்கள் பக்கம் விழும்போது அந்தக் காற்றின் கையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. முகட்டில் வெள்ளைச் சுவர் எழுப்பினாற்போல மேகம் நிற்கும். அசையாதது போல இருக்கும். உற்றுப் பார்த்தால் அதன் கீழ் விளிம்பு எங்கள் பக்கம் சரிந்து சரிந்து கரைந்துகொண்டே இருப்பது தெரியும். இந்தப் பக்கம் நீல வானம், வெயில், கதவைப் பிய்க்கிற காற்று. வீட்டுக் கூரைத் தகரத்துக்குக் கல் வைப்பது அந்த மாதங்களில்தான்.

அந்தக் காற்று சும்மா வறண்டு வருவதில்லை, சூடாகியும் வருகிறது. மட்டக்களப்பார் அதைக் கச்சான் என்பார்கள், எங்களைத் தாண்டித்தான் அது அவர்களிடம் போகிறது. கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கலாம். கடல் மட்டத்தில் 28 பாகையில் புறப்படும் காற்று 500 மீட்டரில் மேகம் கட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், அப்போது 23 பாகை. அதற்கு மேல் நீராவி துளியாகும்போது அதற்குள் ஒளிந்திருந்த சூடு வெளியே வரும். அதனால் காற்று மெதுவாகத்தான் குளிரும், நூறு மீட்டருக்கு அரைப் பாகை. 2000 மீட்டர் முகட்டில் 15 அல்லது 16 பாகை. ஈரத்தை அங்கேயே மழையாகக் கொட்டிவிட்டு, இறங்கும்போது நூறு மீட்டருக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். எங்கள் பக்கம் 1000 மீட்டருக்கு வரும்போது 25 பாகையைத் தாண்டியிருக்கும். அதே காற்று மேற்குப் பக்கத்தில் அதே 1000 மீட்டரில் ஏறிக்கொண்டிருந்தபோது 20 பாகைதான். ஒரே காற்று, ஒரே உயரம், ஒரே நாள். இடையில் ஒரு மலை, அதனால் ஐந்து பாகை.

ஊர் பிழைப்பே அந்த ஐந்து பாகையில்தான் இருக்கிறது. உடப்புசல்லாவைத் தேயிலை என்று ஏலத்தில் தனிப் பெயர் வாங்கியது இந்த வட்டாரத்துத் தேயிலைதான். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அந்த வறண்ட காற்று அடிக்கும்போது கொழுந்து மெதுவாக வளரும், வாசம் கூடும், ஸ்டோரில் வாட்டமும் நன்றாக ஏறும். வருடத் தொடக்கத்தில் மேற்குப் பக்கத்துத் தேயிலைக்குச் சிறப்பான காலம் வரும்போது எங்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும். இரண்டு பருவமும் கொஞ்சம் கொஞ்சம் தொடுகிற விளிம்பில் இருக்கிறோம் என்பதுதான் காரணம். கொழுந்து குறைகிற மாதங்களில் பேர், அதாவது செக்ரோலில் விழும் ஒரு நாள் கூலி, குறைவதும் இதே காற்றால்தான். தேயிலைக்கு வாசம் தருகிற காற்று தொழிலாளிக்கு அரைப் பேர் தரும். இதை ஏலக்காரர்கள் கேட்லொக்கில் எழுதுவதில்லை.

மார்கழி பிறந்தால் எல்லாம் தலைகீழ். காற்று வங்காள விரிகுடாவிலிருந்து வடகிழக்காக வரும். இப்போது ஏறுகிற பக்கம் எங்களுடையது. ஹட்டனில் இருக்கும் என் மைத்துனர் தைப்பொங்கலுக்கு போன் எடுத்து, “என்ன மச்சான், இங்க நல்ல வெயில், அங்க எப்படி?” என்பார். இங்கே உளுந்து காயப் போட இடமில்லாமல் அடுப்படியில் பரத்தி வைத்திருப்போம். இரண்டு பேரும் நுவரெலியா மாவட்டம். இரண்டு பேருக்கும் ஒரே வானொலி, ஒரே வசனம்.

2007 ஜனவரி நடுப்பகுதியில் வலப்பனையிலும் ஹங்குராங்கெத்தையிலும் மலை சரிந்து பலர் இறந்தது இந்த மழையில்தான். மாதத்தைக் கவனியுங்கள். மலைநாட்டில் மழைக்காலம் என்றதும் கொழும்பில் இருப்பவர் மனதில் வருவது ஜூன் மாதத்து ஹட்டனும் கினிகத்தேனையும். எங்கள் ஆபத்து கார்த்திகை முதல் தை வரை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதும் வடகிழக்குப் பருவமழைக்கு முந்திய இடைப்பட்ட காலத்தில்தான். அந்த இடம் ஆபத்தானது என்று வருடக்கணக்கில் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்தவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள், சனங்கள் லயத்தில்தான் இருந்தார்கள்.

பிறகு டித்வா. 2025 நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் ஏறிய அந்தப் புயல் நாட்டில் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதில் பெரும் பகுதி காற்றில் போகவில்லை, மலைநாட்டில் மண்ணுக்குள் போனது. சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் பெய்தது. கடலில் இருந்த ஈரத்தையெல்லாம் புயல் வாரிக்கொண்டு வந்து நேராக மலைச்சரிவில் மோதியது. மேகம் உண்டாவதற்கு நான் மேலே சொன்ன காரணங்கள்தான், புதிதாக ஒன்றும் இல்லை. அளவுதான் வேறு. மண்சரிவுச் சிவப்பு அறிவித்தலில் எங்கள் பிரதேச செயலகங்களின் பெயர்களும் வந்தன. எச்சரிக்கைகள் தமிழில் பிந்தி வந்தது பற்றி அப்போதே பத்திரிகைகள் எழுதின. கரண்ட் போய், சிக்னல் போய், ரோடு போன ஊருக்கு எந்த மொழியில் எந்த நேரத்தில் வந்திருந்தால் என்ன என்றும் கேட்கலாம். நான் அப்படிக் கேட்க மாட்டேன். சிக்னல் போவதற்கு முன்பு நேரம் இருந்தது.

வளிமண்டலவியல் திணைக்களத்தைக் குறை சொல்லி முடித்துக்கொள்வது சுலபம். அவர்களுக்கு வானிலை ரேடார் இல்லாத குறை பழைய குறை. முன்பு ஒன்று வாங்கி, தெற்கே கொங்கல மலையுச்சிக்கு ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே அது சேதமாகிவிட்டது. மழை மேகத்தை நேரில் பார்க்கக் கண் இல்லாதவரிடம் எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு என்று கேட்பது அநியாயம். ஆனால் இருப்பதை வைத்துச் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. மாகாணப் பெயரை விட்டுவிட்டுச் சரிவின் பெயரைச் சொல்லலாம். காற்று வேகத்தைச் சொல்லும்போது “மத்திய மலைநாட்டின் கிழக்குச் சரிவு” என்று அவர்களே பிரித்துச் சொல்கிறார்கள். மழைக்கும் அப்படிச் சொல்வதில் என்ன தடை? வாரத்துக்கு ஒரு முறை, “வரும் ஏழு நாளும் காற்று வடகிழக்கு, வலப்பனை, நில்தண்டாஹின்ன, மத்துரட்ட, ஹங்குராங்கெத்த பக்கம் ஏறுமுகம், ஹட்டன், நோர்வூட் பக்கம் இறங்குமுகம்” என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில் நாலு வரி வந்தால் கந்தப்பளையில் கரட் போட்டவருக்கும் புரியும், இங்கே உரமூட்டையைப் பிரிக்கக் காத்திருப்பவருக்கும் புரியும். சதவீதமே வேண்டாம்.

அடுத்தது மழை அளவு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைநாட்டுக்குச் சொல்லும் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் புறப்பட ஆயத்தமாக வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணி நேரத்தில் 75 பெய்தாலோ வெளியேறிவிட வேண்டும். 75 மில்லிமீட்டர் என்றால் மூன்று அங்குலம். கேட்க அற்பமாக இருக்கும். ஓர் ஏக்கர் மலையில் மூன்று அங்குலம் பெய்தால் அது மூன்று இலட்சம் லீற்றர் தண்ணீர், 300 தொன் பாரம். கான் சரியாக வெட்டாத மலையில் அதில் பாதி மண்ணுக்குள் இறங்கினாலே போதும்.

நல்ல கணக்கு, பிள்ளைக்கும் புரியும். ஆனால் ராத்திரி ஒரு மணிக்கு லயத்து இஸ்தோப்பில் நிற்கிறவருக்கு இதுவரை எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று எப்படித் தெரியும்? கிளாக்கர் எட்டரைக்குத்தான் வந்து கூம்பைத் தூக்குவார். அவர் எழுதும்போது 180 என்று வரலாம். அந்த 180இல் முக்கால்வாசி நள்ளிரவுக்கு முன்பே பெய்திருக்கலாம். எட்டரை மணிக் கணக்கு காலநிலை ஆராய்ச்சிக்கு உதவும், உயிர் காக்க உதவாது.

இதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. அடியும் வாயும் ஒரே அகலமுள்ள எந்த டின்னும் மழைமானிதான். பால்மா டின் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் மட்டமாக வைத்து, ஓர் அடிக்கோலை விட்டுப் பார்த்தால் தண்ணீரின் உயரமே மழையின் அளவு. வாய் அகலம் என்னவாக இருந்தாலும் கணக்கு மாறாது, ஐந்து அங்குலச் செப்பு வாய்க்கும் பால்மா டின்னுக்கும் மழை ஒரே உயரம்தான் கொடுக்கும். மூன்று அங்குலத்தில் மஞ்சளாகவும், நாலு அங்குலத்தில் செம்மஞ்சளாகவும், ஆறு அங்குலத்தில் சிவப்பாகவும் ஒரு கோடு தீட்டி வைத்தால் எழுத்துத் தெரியாதவரும் வாசிக்கலாம். ஒவ்வொரு டிவிசனிலும் ஒன்று வைத்து, மழை விடாமல் பெய்யும் இரவில் மூன்று மணிக்கொரு தரம் பார்த்து, மஞ்சளைத் தொட்டதும் கோவில் ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டும். கரண்ட் இல்லையென்றால் தப்பு மேளம் இருக்கிறது. முன்பெல்லாம் அதை அடித்துத்தான் வேலைக்கு எழுப்பினார்கள். உயிரோடு இருப்பதற்கும் ஒரு தரம் அடிக்கலாம்.

“எங்க சனம் ஊற்று கலங்கினாலே ஓடிரும்” என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். உண்மை. பீலித் தண்ணீர் செம்மண்ணாக வந்தால், நேற்றுவரை ஓடிய ஊற்று திடீரென்று நின்றால், காம்பரா சுவரில் புதிதாகக் கோடு விழுந்தால், ஆபத்து என்று வயசானவர்களுக்குத் தெரியும். அது கடைசி மணி. டின்னில் ஏறும் தண்ணீர் அதற்குப் பல மணி நேரம் முன்பே சொல்லும். பிள்ளைகளையும் படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் மழை இருட்டில் பாடசாலை வரை நடத்திக்கொண்டு போக அந்த மணி நேரங்கள் வேண்டும்.

இதைத் தோட்ட நிர்வாகங்களிடம் பேசினால் முதலில் வரும் பதில் எனக்குத் தெரியும்: ராத்திரியில் யார் எழுந்து பார்ப்பது? தலைவர்மார் பார்க்கட்டும், இளைஞர் மன்றம் பார்க்கட்டும், கிராம சேவகர் பார்க்கட்டும் என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் ஒருவரும் பார்க்காமல் விட்டுவிடுவோம். இலவசமாகச் செய்யச் சொல்லும் எந்த வேலையும் இரண்டாவது வாரத்தோடு நின்றுபோகும். நான் கூம்பைத் தூக்கிப் பார்த்தது மழைமேல் உள்ள ஆசையால் அல்ல, மாதச் சம்பளத்தில் அந்த வேலையும் சேர்ந்திருந்தது. கார்த்திகை முதல் தை வரை, மழை இரவுகளில் டின் பார்க்கிறவருக்கு அடுத்த நாள் செக்ரோலில் ஒரு பேர் போட வேண்டும். கொழுந்து எடுக்காமல் பேரா என்று கேட்கும் துரைமாரும் இருப்பார்கள். சரி, அரைப் பேரிலிருந்து பேசத் தொடங்குவோம்.